முதலாளி நடத்தும் கம்பெனியில் சீனியர் மேனேஜர்களிடம் பொறுப்பை ஒப்படைப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூர், கோயம்புத்தூர், ஈரோடு, கரூர் பக்கம் நூறு பேரிலிருந்து ஆயிரம் பேர் வரை வேலை பார்க்கும் கம்பெனிகளை நடத்துபவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. அந்தக் கம்பெனிகளில் பொது மேலாளர், புரொடக்‌ஷன் மேனேஜர், மெர்ச்சண்டைசிங் மேனேஜர் (பையரோடு, அதாவது ஆர்டர் கொடுக்கும் கம்பெனியோடு, பேசி ஆர்டரை நடத்துபவர்) என்று பெரிய இடத்தில் இருப்பவர்கள் கேட்டவையும் சில உண்டு. நான் அதிகம் புழங்கியது பின்னலாடைத் தொழிலில் என்பதால் உதாரணங்கள் பெரும்பாலும் அங்கிருந்தே வருகின்றன. பம்ப் கம்பெனியானாலும் ஸ்பின்னிங் மில்லானாலும் விஷயம் பெரிதாக மாறாது.

பெயருக்கு நாலு சீனியர் மேனேஜர் இருக்கிறார்கள். ஆனால் காலை ஏழு மணிக்கே என் போன் அடிக்க ஆரம்பித்துவிடுகிறது. எல்லாரும் ஏன் என்னிடமே வருகிறார்கள்?

முடிவு உங்களிடம் இருக்கிறது, அதனால் வருகிறார்கள். மேனேஜர்களுக்குத் திறமை போதாது என்றுதான் பல முதலாளிகள் முதலில் சொல்வார்கள். பக்கத்தில் இருந்து பார்த்தால் கதை வேறு. கேட்டுவிட்டுச் செய்து தப்பானால் அது முதலாளியின் தப்பு. கேட்காமல் செய்து தப்பானால் அது தன் தப்பு. சரியாக நடந்துவிட்டால் இரண்டுக்கும் ஒரே சம்பளம். இந்தக் கணக்கு புரிந்த எந்த மனிதரும் போனைத்தான் எடுப்பார்.

இன்னொன்றும் நடக்கிறது. லைன் சூப்பர்வைசரிடம் மேனேஜர் ஒன்று சொல்கிறார். சூப்பர்வைசருக்கு அது பிடிக்கவில்லை, நேராக உங்களுக்குப் போன் போடுகிறார். நீங்களும் நல்ல எண்ணத்தில் பதில் சொல்லிவிடுகிறீர்கள். அந்த ஒரு நிமிடத்தில் மேனேஜரின் சொல்லுக்கு மதிப்பு போய்விட்டது. அடுத்த முறை அவரே "சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேங்க" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார். அவரை யாரும் கேட்கச் சொல்லவில்லை, கம்பெனி அப்படிப் பழக்கிவிட்டது.

எனவே பொறுப்பு எடுக்க வைப்பது எப்படி என்று யோசிக்கும்முன், எதையெல்லாம் இன்னும் கொடுக்காமல் வைத்திருக்கிறோம் என்று பார்ப்பதுதான் சரியான தொடக்கம்.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஒரு நோட்டிலிருந்து. இரண்டு வாரம் உங்களிடம் வரும் ஒவ்வொரு கேள்வியையும் ஒரு வரியில் எழுதுங்கள். யார் கேட்டார், என்ன கேட்டார், நீங்கள் என்ன சொன்னீர்கள். போனில் வந்தது, வாட்ஸப்பில் வந்தது, ஃப்ளோரில் நடக்கும்போது வழிமறித்துக் கேட்டது, எல்லாம். பக்கத்தில் இருக்கும் ஆபீஸ் பையனிடம் சொல்லி எழுத வைக்காதீர்கள், நீங்களே எழுதுங்கள்.

இரண்டு வாரம் கழித்து அந்த நோட்டை மேனேஜர்களோடு உட்கார்ந்து பாருங்கள். ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்வி: "இதற்கு நான் என்ன பதில் சொல்லுவேன் என்று உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" பெரும்பாலான வரிகளுக்கு "தெரியுங்க" என்றுதான் பதில் வரும். பட்டன் சப்ளையர் இரண்டு நாள் தாமதமாகும் என்கிறார், காண்ட்ராக்டர் பீஸ் ரேட் ஐம்பது பைசா கூட்டிக் கேட்கிறார், ஒரு டெய்லர் அட்வான்ஸ் கேட்கிறார். இவற்றுக்கு உங்கள் பதில் என்ன என்பது மனப்பாடமாகவே தெரிந்திருக்கும். தெரிந்தும் கேட்கிறார்கள் என்றால் அங்கே தேவைப்படுவது அறிவுரை இல்லை, அனுமதி. அந்த வரிகளை அன்றைக்கே கொடுத்துவிடலாம்.

உங்கள் பதில் என்னவாக இருக்கும் என்று அவர்களால் சொல்ல முடியாத வரிகள்தான் கற்றுக்கொடுக்க வேண்டியவை. அவை எண்ணிக்கையில் குறைவு, எடையில் அதிகம்.

முடிவை ஒப்படைப்பது என்றால் நடைமுறையில் எப்படி இருக்கும்? ஒரு உதாரணம் சொல்லுங்கள்.

வியாழக்கிழமை மாலை. சாயப்பட்டறையிலிருந்து வந்த சிங்கிள் ஜெர்சி துணி கட்டிங் மேசைக்கு ஏறுகிறது. 180 ஜி.எஸ்.எம்., அதாவது ஒரு சதுர மீட்டர் துணி 180 கிராம் எடை, வர வேண்டும். க்யூசி (தரக் கட்டுப்பாடு) பையன் வட்டமாக வெட்டித் தராசில் வைக்கிறான், 168 காட்டுகிறது. பையர் கொடுத்திருக்கும் விலக்கம் 5 சதவீதம், அதாவது 171 வரை ஓடலாம். இது மூன்று புள்ளி கீழே.

வழக்கமாக என்ன நடக்கும்? புரொடக்‌ஷன் மேனேஜர் போன் போடுவார்: "அண்ணா, 168தான் வருதுங்க, என்ன பண்றதுங்க?" நீங்கள் ஒரு கல்யாண மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்திருப்பீர்கள். பாதிக் கேள்விதான் காதில் விழும். "வெட்டச் சொல்லு, பார்த்துக்கலாம்" என்பீர்கள். ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில் அது மாட்டினால், யார் சொன்னது என்று மறுபடி தேடல் ஆரம்பிக்கும்.

ஒப்படைத்த இடத்தில் அதே மாலை வேறு மாதிரிப் போகும். மேனேஜருக்கு வழிகள் தெரியும். துணியைத் திருப்பி அனுப்பி மறுபடி காம்பாக்டிங் (துணியைச் சுருக்கி இறுக்குவது) போட்டால் ஜி.எஸ்.எம். ஏறும். ஆனால் நீளமோ அகலமோ குறையும், மார்க்கர் (வெட்டுவதற்கான வரைபடம்) மாறும், கிலோவுக்கு இத்தனை பீஸ் என்ற கணக்கில் துணி பற்றாமல் போகலாம், இரண்டு நாளும் போய்விடும். இன்னொரு வழி, மெர்ச்சண்டைசர் மூலம் பையரிடம் எழுத்தில் விலக்கு கேட்பது. மூன்றாவது, எடை சரியாக வந்த ரோல்களை மட்டும் பிரித்து இன்றைக்கு வெட்ட ஆரம்பித்து, மீதியைத் திருப்புவது. எதைத் தேர்ந்தாலும் செலவை யார் ஏற்பது என்று சாயப்பட்டறையிடம் பேச வேண்டும். இவை எல்லாம் ஏற்கெனவே மேனேஜருக்குத் தெரிந்த விஷயங்கள். அவரிடம் இல்லாதவை இரண்டு: அந்த ஆர்டரில் எவ்வளவு லாபம் நிற்கிறது என்ற தகவல், இரண்டு நாள் தாமதத்தைத் தன் சொல்லில் ஏற்கும் உரிமை. அந்த இரண்டும் கிடைத்தால் அவர் ரோல்களைப் பிரிக்கச் சொல்லி, மெர்ச்சண்டைசரிடம் பேசி, இரவு எட்டு மணிக்கு உங்களுக்கு ஒரு செய்தி அனுப்புவார்: "42 ரோலில் 29 வெட்டுக்குப் போகுதுங்க. 13 திருப்பி அனுப்பியாச்சு. சனிக்கிழமை வந்துரும். ஷிப்மென்ட் தேதி மாறாது." நீங்கள் பந்தியில் நிம்மதியாகச் சாப்பிடலாம். செய்தி கேள்வியாக வராமல் தகவலாக வந்திருக்கிறது பாருங்கள், ஒப்படைத்தாயிற்று என்பதற்கு அடையாளம் அதுதான்.

எந்த முடிவைக் கொடுக்கலாம், எதைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்?

தப்பானால் ஒரு ஆர்டரோடு முடிந்துவிடும் என்றால் கொடுங்கள். தப்பானால் கம்பெனியே ஆடும் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். புதிய கட்டடம், பெரிய கடன், ஒரே பையரை நம்பி மிஷின் போடுவது, குடும்பச் சொத்தை அடமானம் வைப்பது, இவை உங்களுடையவை. 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி போட்டபோது, அமெரிக்க பையர் கேட்ட தள்ளுபடியை ஏற்பதா, வேறு சந்தைக்குப் போவதா என்பது முதலாளி முடிவு செய்ய வேண்டிய விஷயம். அந்த நேரத்திலும் எந்த லைனில் எந்த ஆர்டரை முதலில் ஓட்டுவது என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தால், பெரிய கேள்விக்கு யோசிக்க ஆளே இல்லை என்று அர்த்தம்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை இங்கே சொல்ல வேண்டும். அரசுப் பணியில் ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு ஆரம்பித்தது அது. கிராமத்துப் பெண்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்து, பரிசோதனை, நோயாளியைத் தயார் செய்வது, அறுவை அரங்க உதவி என்று பெரும்பகுதி வேலையை அவர்களிடம் முழுமையாக விட்டார்கள். டாக்டர் செய்தே ஆக வேண்டிய வேலை மட்டும் டாக்டரிடம் நின்றது. அவ்வளவு எண்ணிக்கையில் கண்புரை அறுவை சிகிச்சை செய்ய முடிந்ததற்கு அந்தப் பிரிவினை ஒரு முக்கியக் காரணம். உங்கள் கம்பெனியில் நீங்கள் மட்டுமே செய்தாக வேண்டியது எது என்று கேட்டுப் பாருங்கள். பட்டியல் நீங்கள் நினைப்பதைவிடச் சின்னதாக இருக்கும்.

பண விஷயத்தில் எவ்வளவு வரம்பு வைக்கலாம்? சட்டம் இடம் தருமா?

தொகை உங்கள் விற்பனையைப் பொறுத்தது, பொதுவான எண் எதுவும் கிடையாது. நான் சொல்வது ஒன்றுதான்: எவ்வளவோ, அதை எழுதிக் கொடுங்கள். "சின்னச் சின்னச் செலவெல்லாம் நீங்களே பார்த்துக்கோங்க" என்பது வரம்பு இல்லை. உங்களுக்கு ஐம்பதாயிரம் சின்னது, அவருக்கு ஐயாயிரமே பெரிது. ஒரு தாளில் ஒரு தடவைக்கு இவ்வளவு, மாதத்துக்கு இவ்வளவு, இன்னின்ன செலவுக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அக்கவுண்ட்ஸுக்கும் ஒரு காப்பி கொடுங்கள். அக்கவுண்ட்ஸுக்குத் தெரியாத அதிகாரம் முதல் வவுச்சரிலேயே நின்றுவிடும்.

பிரைவேட் லிமிடெட் என்றால் 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம் இதற்குத் தாராளமாகவே இடம் தருகிறது. கடன் வாங்குவது, முதலீடு செய்வது போன்ற அதிகாரங்களைக்கூட 179-வது பிரிவின்கீழ் போர்டு தீர்மானம் போட்டு, நிபந்தனைகளோடு ஒரு முதன்மை அதிகாரிக்கு ஒப்படைக்கலாம். 21-வது பிரிவின்படி போர்டு அதிகாரம் கொடுத்த அதிகாரியோ ஊழியரோ கம்பெனி சார்பில் ஒப்பந்தத்தில் கையெழுத்திடலாம். பார்ட்னர்ஷிப் அல்லது தனி உரிமை நிறுவனம் என்றால் பவர் ஆஃப் அட்டர்னியும் பேங்குக்குக் கொடுக்கும் கடிதமும் போதும். நெட் பேங்கிங்கில் ஒருவர் பேமென்ட்டைப் பதிய, இன்னொருவர் ஒப்புதல் தரும் முறை இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். எழுதுவதற்குமுன் உங்கள் ஆடிட்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

ஒரு சின்ன இடம், ஆனால் அடிக்கடி பார்ப்பது: சனிக்கிழமை பேமென்ட். யாருக்கு எவ்வளவு என்று முதலாளி டிக் அடித்த பிறகுதான் பணம் போகும். இதற்கிடையில் பதிவு பெற்ற சிறு, குறு உற்பத்தி நிறுவனங்களுக்கும் ஜாப் ஒர்க் செய்பவர்களுக்கும் 45 நாளைத் தாண்டி, நிதியாண்டு முடிவதற்குள்ளும் பணம் போகாவிட்டால் அந்தச் செலவு அந்த வருட வருமான வரிக் கணக்கில் கழியாது என்று விதி வந்துவிட்டது (1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் அது 43பி(எச்) பிரிவு). எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். இந்த தேதிகளைத் தலையில் வைத்திருப்பவர் அக்கவுண்ட்ஸ் மேனேஜர். பேமென்ட் வரிசையை முடிவு செய்வதும் அவரிடம்தான் இருக்க வேண்டும்.

ஆர்டரின் காஸ்டிங், லாபம் எல்லாம் மேனேஜருக்குக் காட்ட வேண்டுமா? வெளியே போய்விடாதா?

இந்தக் கேள்விக்கு நான் மறைக்காமல் பதில் சொல்லிவிடுகிறேன்: காட்டாமல் பொறுப்பை எதிர்பார்ப்பது அநியாயம். லாபம் எவ்வளவு என்று தெரியாதவர் ஏர் ஷிப்மென்ட் போடலாமா, பையர் அனுப்பும் டெபிட் நோட்டை (பில் தொகையில் பிடித்தம்) ஏற்கலாமா என்று எப்படி முடிவு செய்வார்? விமானத்தில் அனுப்புவதற்குக் கப்பலைவிடப் பல மடங்கு ஆகும். சில ஆர்டரில் அது மொத்த லாபத்தையும் தின்றுவிடும், சில ஆர்டரில் பையரைக் காப்பாற்றிக்கொள்ள அதுவே மலிவான வழி. எண் இல்லாமல் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

எல்லாவற்றையும் எல்லாருக்கும் திறந்துவிடச் சொல்லவில்லை. மெர்ச்சண்டைசிங் மேனேஜருக்கு அவர் கையாளும் பையர்களின் முழுக் காஸ்டிங்கும் முடிந்த ஆர்டரின் உண்மைச் செலவும் தெரிய வேண்டும். புரொடக்‌ஷன் மேனேஜருக்கு ஒரு லைன் ஒரு நாள் ஓட எவ்வளவு ஆகிறது, ஒரு பீஸ் தையல் கூலி மதிப்பிட்டது எவ்வளவு, ஆனது எவ்வளவு என்று தெரிய வேண்டும். உங்கள் குடும்பச் செலவு, வீட்டுக் கடன், அண்ணன் தம்பி கணக்கு யாருக்கும் தேவையில்லை. இந்த இரண்டும் ஒரே கணக்கில் கலந்து கிடப்பதால்தான் பல முதலாளிகள் காட்டத் தயங்குகிறார்கள் என்பது என் அனுபவம். பிரித்து வைத்தால் பாதித் தயக்கம் போய்விடும்.

மாதம் ஒருமுறை முடிந்த ஆர்டர்களில் ஒன்றை எடுத்து, மதிப்பிட்ட செலவையும் ஆன செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சம்பந்தப்பட்ட மேனேஜர்களோடு ஒரு மணி நேரம் பேசுங்கள். நூல் வாங்கியபோது விலை ஏறியதா, சாயத்தில் வேஸ்டேஜ் கூடியதா, தையலில் ஆல்டர் (திருத்தித் தைப்பது) கூடியதா என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். எந்தப் பயிற்சி வகுப்பிலும் இது கிடைக்காது.

பயிற்சி வகுப்புக்கு அனுப்பினால் போதாதா?

அனுப்பலாம். ஆனால் திரும்பி வந்த திங்கட்கிழமை அதே பழைய மேசையில் உட்கார வைத்தால், வாங்கி வந்த ஃபைல் அலமாரியில் தூங்கும். 1980-களில் அமெரிக்காவின் சென்டர் ஃபார் கிரியேட்டிவ் லீடர்ஷிப் ஆய்வாளர்கள், நீங்கள் எங்கே கற்றீர்கள் என்று வெற்றி பெற்ற நிர்வாகிகளிடமே கேட்டார்கள். சவாலான வேலைகளில் என்பதுதான் பெரும்பாலான பதில், அப்புறம் மேலதிகாரிகளிடமிருந்து, வகுப்பறையிலிருந்து வந்தது கொஞ்சம். 70, 20, 10 என்று மனிதவளத் துறையில் எல்லாரும் சொல்லும் கணக்கு அங்கிருந்து வந்ததுதான். அவரவர் ஞாபகத்திலிருந்து சொன்னவை என்பதால் அந்த எண்களை அளந்து எடுத்த அளவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் திசை சரியென்றே நினைக்கிறேன்.

ஓசூரில் டைட்டனைப் பாருங்கள். டாடாவும் தமிழக அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து 1984-ல் ஆரம்பித்த கம்பெனி. 2019-ல் அங்கே நிர்வாக இயக்குநரான சி.கே. வெங்கட்ராமன், அதற்குமுன் 2005-லிருந்து நகைப் பிரிவைத் தலைமை ஏற்று நடத்தியவர். ஒரு தனிப் பிரிவின் லாப நஷ்டத்தை ஆண்டுக்கணக்கில் சுமந்த பிறகுதான் மொத்தக் கம்பெனி அவர் கைக்கு வந்தது. நம் ஊர் அளவுக்கு இதைச் சுருக்கினால், ஒரு பையர், அல்லது ஒரு யூனிட், அல்லது உள்நாட்டு விற்பனை என்று முழுசாக ஒன்றை ஒருவரிடம் விடுவதுதான். வேலையைத் துண்டு துண்டாகக் கொடுத்தால் வேலைக்காரர்தான் வளர்வார்.

தப்பு நடந்தால் என்ன செய்வது?

நடக்கும். முதல் தப்பில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதை அந்த மேனேஜர் மட்டும் பார்ப்பதில்லை, மற்ற மூவரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஃப்ளோரில் நின்று சத்தம் போட்டால் அன்றைக்கு நாலு பேரிடமிருந்தும் பொறுப்பைத் திரும்ப வாங்கியாயிற்று.

கதவைச் சாத்திக்கொண்டு மூன்று விஷயம் கேளுங்கள். அந்த நேரத்தில் என்ன தகவல் கையில் இருந்தது? வேறு என்ன வழி யோசித்தீர்கள்? அடுத்த முறை எதை முன்னதாகத் தெரிந்துகொள்ள வேண்டும்? நல்ல முடிவும் சில நேரம் நஷ்டத்தில் முடியும். மோசமான முடிவும் சில நேரம் தப்பித்துவிடும். விளைவை மட்டும் பார்த்துத் திட்டினால் மேனேஜர்கள் அதிர்ஷ்டத்தைத்தான் நம்பக் கற்பார்கள். பையரிடம் பேச வேண்டி வந்தால், "எங்கள் பக்கம் தப்பு" என்று நீங்கள் பேசுங்கள், மேனேஜர் பெயரை இழுக்காதீர்கள். ஒரு விதிவிலக்கு: மறைத்த தப்பு. அன்றைக்கே சொல்லியிருந்தால் சரி செய்திருக்கலாம் என்ற விஷயத்தைப் பத்து நாள் மூடி வைத்தால், அதைக் கடுமையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வித்தியாசத்தை முதல் நாளே எல்லாருக்கும் சொல்லிவிட வேண்டும்.

இருபது வருடமாகக் கூட இருக்கும் பழைய மேனேஜர் ஒரு பக்கம், படித்து வந்த மகனோ மகளோ மறு பக்கம். யாருக்கு எது?

மிகவும் நுணுக்கமான இடம் இது. பழைய மேனேஜர் ஒரு காலத்தில் தோளில் தூக்கி வைத்திருந்த "தம்பி" இன்று "சார்" ஆகி எதிரில் உட்கார்ந்திருக்கிறான். அவரை "மாமா" என்றோ "அண்ணா" என்றோ கூப்பிட்டு வளர்ந்த பிள்ளை, இன்று அவரிடம் ரிப்போர்ட் கேட்க வேண்டும். இருவருக்குமே சங்கடம். வீட்டில் எப்படி வேண்டுமானாலும் கூப்பிடட்டும், கம்பெனியில் யாருக்கு எந்த முடிவு என்பது எழுத்தில் இருந்தால் சங்கடம் பாதியாகும்.

மகனையோ மகளையோ வந்தவுடன் எல்லாருக்கும் மேலே உட்கார வைக்காதீர்கள். முதலில் ஒரு வருடமாவது அந்தப் பழைய மேனேஜரின் கீழ் ஒரு உண்மையான வேலையில், தேதியும் எண்ணும் உள்ள வேலையில் இருக்கட்டும். மேனேஜர் அவர்களைத் திருத்தினால் இரவுச் சாப்பாட்டு மேசையில் அதை மாற்றாதீர்கள். சாப்பாட்டு மேசையில் மாறும் முடிவுகள்தான் நல்ல மேனேஜர்களை வெளியே அனுப்புகின்றன. காலையில் வந்து பார்த்தால் நேற்று எடுத்த முடிவு இல்லை. யார் மாற்றினார், எதற்கு மாற்றினார் என்று கேட்கவும் வழி இருக்காது.

பெரிய கம்பெனிக்கும் இதே வலிதான். இன்ஃபோசிஸ் 2014-ல் நிறுவனர் அல்லாத ஒருவரை முதல்முறையாகத் தலைமை நிர்வாகி ஆக்கியது. விஷால் சிக்கா 2017 ஆகஸ்டில் விலகியபோது, ஓயாமல் வந்த குற்றச்சாட்டுகளும் கவனச் சிதறலும் காரணம் என்றார். போர்டு, நிறுவனர்களில் ஒருவரான நாராயண மூர்த்தியின் தொடர்ந்த விமர்சனத்தைக் காரணம் காட்டியது, அவர் அதை மறுத்தார். யார் பக்கம் நியாயம் என்று நான் சொல்ல வரவில்லை. நாற்காலியைக் கொடுத்த பிறகு, கொடுத்தவர் எங்கே நின்று, எந்த வழியாகப் பேச வேண்டும் என்று முன்னாலேயே பேசி வைக்க வேண்டியிருக்கிறது.

வேலையில் கெட்டிக்காரர், ஆனால் ஆட்களை நடத்தத் தெரியவில்லை. அவரை மேலே கொண்டுவரலாமா?

ஆட்களே இல்லாத பெரிய பொறுப்பு கொடுக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். நல்ல பேட்டர்ன் மாஸ்டரையோ மெயின்டனன்ஸ் ஆளையோ சம்பளம் கூட்டுவதற்காக மேனேஜர் ஆக்கி, ஒரு நல்ல கைத்தொழிலாளியை இழந்த கம்பெனிகள் நிறைய. மேனேஜர் பதவி இல்லாமலும் சம்பளம் ஏறலாம்.

பெண் மேலாளர்களுக்கு என்று தனியாக ஏதாவது செய்ய வேண்டுமா?

மெர்ச்சண்டைசிங், தரக் கட்டுப்பாடு, ஹெச்.ஆர். மூன்றிலும் திறமையான பெண்கள் நம் ஊரில் நிறைய இருக்கிறார்கள். ஒரு நிலைக்கு மேல் அவர்களைக் காணோம். விசாரித்தால் காரணம் சாதாரணமாக இருக்கும். முக்கியமான முடிவுகள் இரவு ஒன்பது மணிக்கு மேல், ஆண்கள் மட்டும் இருக்கும் இடத்தில், டீக்கடையிலோ காரிலோ நடக்கின்றன. சாயப்பட்டறைக்காரரோ காண்ட்ராக்டரோ "மேடம் வேண்டாம், சார்கிட்ட பேசிக்கிறேன்" என்கிறார், சாரும் போனை எடுக்கிறார். இதைச் சரிசெய்வதற்குத் திட்டம் எதுவும் தேவையில்லை. முடிவுகளைப் பகலில், ஆபீசில் எடுங்கள். அப்புறம் அந்தப் போன் வரும்போது, "அது மேடம் முடிவுதாங்க, அவங்ககிட்டயே பேசுங்க" என்று சொல்லி வையுங்கள். நாலு தடவை சொன்னால் ஊருக்கே தெரிந்துவிடும்.

தொழிலைக் கற்றுக்கொண்டு தனியாக ஆரம்பித்துவிட்டால்?

ஆரம்பிக்கலாம். திருப்பூர் வளர்ந்ததே அப்படித்தான். இன்றைக்கு முதலாளியாக இருப்பவர்களில் எத்தனையோ பேர் ஒரு காலத்தில் இன்னொருவர் பனியன் கம்பெனியில் கட்டிங்கிலோ டெய்லராகவோ இருந்தவர்கள்தான். யாரையும் கட்டிப்போட முடியாது. ஆனால் இருக்கும் இடத்திலேயே சொந்த முடிவு, தன் பிரிவு லாபத்தில் ஒரு பங்கு, சொல்லுக்கு மதிப்பு இருந்தால் கடன் வாங்கித் தனியாகப் போகும் அவசரம் குறையும். லாபப் பங்கு கொடுப்பதாக இருந்தால் எப்படிக் கணக்கிடுவது என்பதை வருட ஆரம்பத்தில் எழுதிவிடுங்கள். தீபாவளிக்கு மனம் போலக் கொடுக்கும் கவர் நன்றிக்கு உதவும், பொறுப்புக்கு உதவாது.

நான் மேனேஜர். பொறுப்பு எடுக்கச் சொல்கிறார்கள், ஆனால் அதிகாரம் கொடுப்பதில்லை. நான் என்ன செய்ய முடியும்?

கேள்வி கேட்கும் முறையை மாற்றுவது உங்கள் கையில் இருக்கிறது. "என்ன பண்றதுங்க?" என்று கேட்பதை நிறுத்துங்கள். நிலைமை, வழிகள், நீங்கள் தேர்ந்த வழி, அதன் செலவு, பதில் தேவைப்படும் நேரம் என்று எழுதி அனுப்புங்கள். உதாரணமாக: "சார், லேபிள் சப்ளையர் புதன்கிழமைதான் தருவார். பேக்கிங் திங்கள் ஆரம்பிக்கணும். வேறொரு சப்ளையர் ஞாயிறு தருகிறார், மொத்தம் ரூ. 6,200 கூடுதல். அவரிடமே ஆர்டர் போடுகிறேன். வேண்டாம் என்றால் மதியம் இரண்டு மணிக்குள் சொல்லுங்க." முதலாளி பெரும்பாலும் பதிலே அனுப்ப மாட்டார். இப்படிச் சில மாதம் ஓடினால் அவருக்கே உங்கள் யோசனையின் தரம் தெரிந்துவிடும், அதற்குப் பிறகு எழுத்தில் வரம்பு கேட்பது சுலபம்.

உங்களுக்குக் கீழே இருப்பவர்களுக்கும் இதையே செய்யுங்கள். மேலிருந்து அதிகாரம் வரவில்லை என்று வருத்தப்படும் பல மேனேஜர்கள் தங்கள் சூப்பர்வைசர்களை அரை மணிக்கு ஒருமுறை போன் போட வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவும் செய்து, ஒரு வருடம் கழித்தும் எதுவும் மாறவில்லை என்றால் வேறு இடம் பார்ப்பதில் தப்பில்லை. அதைச் சொல்லவும் தயங்க மாட்டேன்.

எவ்வளவு காலம் ஆகும்? சரியாகப் போகிறதா என்று எப்படித் தெரியும்?

ஒரு முழு சீசன் ஓட வேண்டும். சாம்பிளில் ஆரம்பித்து ஷிப்மென்ட் முடிந்து பணம் வரும் வரை ஒரு சுற்றைப் பார்க்காமல் எதையும் சொல்ல முடியாது. நோட்டை ஆறு மாதம் கழித்து மறுபடி இரண்டு வாரம் எழுதிப் பாருங்கள். வரிகள் குறைந்திருக்க வேண்டும், மிச்சமிருக்கும் வரிகள் பெரிய விஷயங்களாக இருக்க வேண்டும். அப்புறம் ஒருமுறை பத்து நாள் ஊரில் இல்லாமல் இருங்கள். போனை அணைக்க வேண்டியதில்லை, ஆனால் நீங்களாக அழைக்காதீர்கள். திரும்பி வந்ததும் என்னென்ன தேங்கிக் கிடக்கிறது என்று பாருங்கள். தேங்கியவைதான் இன்னும் ஒப்படைக்காதவை.

கொடுத்த பொறுப்பைத் திரும்ப எடுக்க வேண்டி வந்தால்?

சிலருக்கு அது பொருந்தாமல் போகும், அதில் அவமானம் எதுவும் இல்லை. நேரில் சொல்லுங்கள், எந்த முடிவுகளைத் திரும்ப எடுக்கிறீர்கள் என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். மீதி அவரிடமே இருக்கட்டும். மொத்தமாகப் பிடுங்க வேண்டாம். சொல்லாமல் மெதுவாக ஓரம் கட்டுவதுதான் மிகவும் கெட்ட வழி. மீட்டிங்குக்குக் கூப்பிடாமல் விடுவது, மெயிலில் பெயரைச் சேர்க்காமல் விடுவது இதெல்லாம். அவருக்கு ஒரே வாரத்தில் புரிந்துவிடும், காரணம் மட்டும் புரியாது. எழுதிக் கொடுத்த வரம்புத் தாளை அவர் முன்னிலையிலேயே திருத்தி, புதிய தாளில் இருவரும் கையெழுத்துப் போட்டு, அக்கவுண்ட்ஸுக்கு அன்றைக்கே ஒரு காப்பி அனுப்பிவிடுங்கள்.